நதியா செய்த போர்டு

நதியா யாரையும் நேராகப் பார்க்க மாட்டாள். தலையை இடப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கித்தான் பார்ப்பாள். முதல்முறை பார்க்கிறவர்கள் திமிர் பிடித்தவள் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போன் தயாரிக்கிற தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து உட்கார்ந்து வந்த சாய்வு அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் அப்பா அந்தோணி வாலாஜாபாத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அவருக்கு முந்தின தலைமுறையில் யாருக்கும் சொந்தமாக ஒரு கையகல நிலம் கிடையாது, பிறத்தியார் வயலில்தான் வேலை. நதியா பன்னிரண்டாவது முடித்த கையோடு தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிட்டாள். முதல் இரண்டு வருஷம் திருகாணி முடுக்குகிற வேலை. அதன் பிறகு அவளைக் கெட்டுப்போன போர்டுகள் வருகிற மேசைக்கு மாற்றினார்கள். போர்டு என்றால் பச்சை நிறத்தில் உள்ளங்கையளவு தகடு. அதில் நகத்தளவு, அரிசியளவு, எள்ளளவு சாமான்களெல்லாம் ஒட்டியிருக்கும். நடுவில் கறுப்பாகச் சதுரமாக இருப்பது சிப்பு. மூளை அதுதான் என்பாள். எது செத்திருக்கிறது, எது மயங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, செத்ததை எடுத்துவிட்டு வேறு வைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு எண்பது போர்டு பார்ப்பாளாம். பிறகு ஒரு நாள் அந்தத் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அவள் புருஷன் சத்யராஜ் பெரிய காஞ்சிபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவனோடு இங்கே வந்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறை எடுத்து, போன் ரிப்பேர் என்று ஒரு அட்டையை எழுதித் தொங்கவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஆறு தறி. நான்கு என் மகன் கலியாணசுந்தரம் பேரில், ஒன்று மருமகள் புவனேஸ்வரி பேரில், நான்காவது தறி என் பேரில். என் வீட்டுக்காரர் போன பிறகு நெசவாளர் சங்கத்தில் அதை எனக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பட்டில் கரையும் முந்தியும் உருவம் எடுக்க வேண்டுமென்றால், குறுக்கே ஒவ்வொரு ஊடை இழை ஓடும்போதும் நெடுக்கே இருக்கிற எந்தெந்தப் பாவு இழை மேலே போக வேண்டும் என்று தறிக்கு யாராவது சொல்ல வேண்டும். முன்னே ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லின. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் அட்டை கோத்துத் தொங்கும். இப்போது தறிக்கு மேலே ஒரு கம்ப்யூட்டர் பெட்டி உட்கார்ந்து சொல்கிறது. கால் மிதிப்பதும் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை விடுவதும் நாம்தான். அந்தப் பெட்டியை எங்கள் ஊருக்கு விற்கிறவர்கள் ஒரே ஒரு கம்பெனி. பெட்டி நீல நிறம். அதனால் அவர்களுக்கு எங்கள் தெருவில் நீலப்பெட்டிக்காரர்கள் என்று பேர்.

பெட்டி நல்ல பெட்டி, பொய் சொல்லக் கூடாது. ஆனால் எங்கள் ஊர் கரண்ட் ஏறி இறங்கும்போது அதற்குள் இருக்கும் போர்டு எரிந்துவிடும். எரிந்தால் ரிப்பேர் கிடையாது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுப் போர்டு வாங்க வேண்டும். அது வருகிறவரை தறி நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம் எங்கள் நான்காவது தறி அப்படி நின்றது. கல்யாணப் புடவை, பாதியில் இருக்கிறது. கம்பெனியில் கேட்டால் சிப்பு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இருபது நாள் ஆகும் என்றார்கள். அப்போதுதான் சத்யராஜ் என் மகனிடம், என் சம்சாரத்தை ஒரு தரம் பார்க்கச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

அவள் வந்தாள். தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தாள். வேர்த்துக் கொட்டியது, தண்ணீர் கேட்டாள். நான் கொடுத்தேன். அவள் போன பிறகு அந்தச் சொம்பைத் தனியாக எடுத்து வைத்தவளும் நான்தான். எனக்கு எழுதத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற நீ இதையும் எழுதிவிடு. நான் நல்லவளாக மட்டும் இந்தக் கதையில் வரக் கூடாது. பத்தாவது நாள் அவள் என் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சேர்த்து எழுது.

அன்றைக்கு அவள் அரை மணி நேரத்தில் போர்டைச் சரிசெய்தாள். எரிந்தது சிப்பு இல்லையாம், அதற்குப் பக்கத்தில் எள்ளளவு சாமான் ஒன்றாம். அதற்காக முழுப் போர்டையும் மாற்றச் சொல்கிறார்களே என்று அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இந்த வேலைக்கு இவ்ளோ பெரிய சிப்பு தேவையே இல்ல. எந்த நூலைத் தூக்கு, எந்த நூலை வுடுன்னு சொல்லணும், அவ்ளோதானே? சின்ன சிப்பு போதும். கரண்ட் ஏறினாலும் தாங்கும்."

அதோடு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஏழு மாசம் அவள் அந்த ஒற்றை அறையில் உட்கார்ந்து தானே ஒரு போர்டு செய்தாள். சிப்பு வாங்கச் சென்னையில் ரிச்சி தெருவுக்கு முதல் பஸ்ஸில் போவாள். வந்ததும் எங்கள் தறியில் வைத்துப் பார்ப்பாள். முதல் தடவை சேலைக் கரையில் அன்னப்பட்சி தலைகீழாக விழுந்தது. இரண்டாவது தடவை அன்னத்துக்குக் கழுத்தே இல்லை. என் மகன் கேலி செய்தான், கோழி மாதிரி இருக்குதேம்மா, புரட்டாசியில நெய்ய முடியாதே என்று. அவளும் சிரித்துக்கொண்டே கழற்றி எடுத்துப் போனாள். ஐந்தாவது தடவை அன்னம் அன்னமாக விழுந்தது. நீலப்பெட்டிப் போர்டின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் சொன்னாள். எரிந்தால் நானே வந்து சரிசெய்து தருகிறேன், புதுசு வாங்க வேண்டாம் என்றாள். வர்ணம் அடிக்காத தகரப் பெட்டி, உள்ளே அவள் போர்டு. அந்த வருஷம் பொங்கலுக்குள் எங்கள் தெருவில் பதினொரு வீட்டில் நாற்பது தறிக்கு மேல் அவள் பெட்டி ஏறிவிட்டது. மிச்சத் தறிகளில் பழைய நீலப்பெட்டியே ஓடியது. ஏனாத்தூர்ப் பக்கமிருந்துகூடக் கேட்டு வந்தார்கள். அம்சா என்று ஒரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த ஊர்த் தறிகள் அவளுடைய போர்டில் ஓட வேண்டும். பணக்காரி ஆக வேண்டும் என்று அவள் ஒரு நாளும் பேசிக் கேட்டதில்லை. அடுத்தவன் செய்து கெடுத்ததையே ஒன்பது வருஷம் சரிபண்ணினேன் ஆயா, இது நானே செய்தது என்பாள். அதை இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறாள்.

மாசி மாதம் தேவேந்திரன் வந்தான். நீலப்பெட்டிக் கம்பெனிக்கு இந்த ஊரில் ஆள் அவன்தான். பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகன், நல்ல பையன், பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. கூடத்தில் என் மகனோடு உட்கார்ந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். எனக்குப் படிக்கத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

புதுத் திட்டம் ஒன்று கொண்டுவந்திருக்கிறேன் என்றான். வீட்டில் உள்ள எல்லாத் தறியிலும் நீலப்பெட்டி இருந்தால், போர்டு விலையில் நூற்றுக்கு நாற்பது தள்ளுபடி. வருஷத்துக்கு இருபது டிசைன் இனாம். எரிந்துபோனால் மறுநாளே வேறு போர்டு. ஒரு தறியில் வேறு யார் பெட்டி இருந்தாலும் மற்ற ஐந்து தறிக்கும் தள்ளுபடி கிடையாது. இதைக் கேட்டதும் என் மகன், அப்படியென்றால் நதியாவின் பெட்டியை வாங்கக் கூடாது என்கிறாயா என்று கேட்டான்.

"அப்படி யாரு சொன்னது ணா? கம்பெனி யாரையும் தடுக்கல. நீங்க யார் பெட்டிய வேணும்னாலும் வாங்கலாம். தள்ளுபடி வராது, அவ்ளோதான்."

இந்த வார்த்தையை நான் அப்படியே சொல்கிறேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இருபது நாள் ஆகும் என்று சொன்ன போர்டு இப்போது மறுநாளே எப்படி வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம். அடுப்படியிலிருந்தே கேட்டேன். தேவேந்திரன் சிரித்துக்கொண்டே, அப்போ சரக்கு இல்ல ஆயா, இப்போ இருக்குது என்றான்.

ஒவ்வொரு வீடாகக் கழன்றது. யாரையும் திட்ட முடியாது. ஆறு தறிக்கும் நாற்பது சதவீதம் என்றால் எந்த வீட்டில்தான் வேண்டாம் என்பார்கள்? நதியா விலையைக் குறைத்துப் பார்த்தாள். அவள் தன் பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் கட்டாது, மற்ற தறிகளில் போகிற தள்ளுபடியை அவள் எங்கிருந்து கொடுப்பாள்? ஒரு தறிக்குத்தான் அவள் போட்டி போடலாம், மொத்த வீட்டுக்கும் அவன் போடுகிறான். இதை அவள்தான் எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தது. வெங்காயமாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

என் மகனும் கழற்றினான். நான்காவது தறியில் மட்டும் கை வைக்க விடவில்லை நான். அது என் பேரில் இருக்கிற தறி. அவனுக்கும் எனக்கும் நான்கு நாள் பேச்சு இல்லை. கடைசியில் ஒரு வழி செய்தான். செத்துப்போன நீலப்பெட்டி ஒன்றின் மேல்மூடியை எடுத்து, நதியாவின் தகரப் பெட்டிக்கு மேலே கவிழ்த்துவிட்டான். வெளியே பார்த்தால் நீலம், உள்ளே நதியா. தேவேந்திரன் வந்து எட்டிப் பார்த்தான், ஆறும் நீலம் என்று எழுதிக்கொண்டு போனான். நான் அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

சித்திரை, வைகாசிக்குள் கம்பெனி தள்ளுபடியை வீட்டுக் கணக்கிலிருந்து தெருக் கணக்குக்கு மாற்றிவிட்டது. எங்கள் தெருப் பதினொரு வீடும் சேர்ந்து ஒரு குழு. குழுவில் எல்லாத் தறியும் நீலமாக இருந்தால் நாற்பது ஐம்பதாகும். ஒரு வீட்டில் ஒரு தறி மாறியிருந்தாலும் பதினொரு வீட்டுக்கும் போய்விடும். அதற்குப் பிறகு தேவேந்திரன் வேவு பார்க்க வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டு வேலாயுதம், தினமும் ஏதாவது சாக்கு வைத்து எங்கள் தறிக்கூடத்துக்குள் வந்து மேலே பார்ப்பார். நாற்பது வருஷமாக என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற மனிதர்.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத் தறி ஓடாது. காலை விட்டு உட்கார்கிற தறிக்குழியைப் பெருக்கி, நாடா, அச்சு, கத்தரி, ராட்டை எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். வருஷம் முழுக்க நமக்காக உழைத்த சாமானுக்கு அன்று ஒரு நாள் மரியாதை. நான்தான் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். நான்காவது தறிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நீல மூடிக்குப் பொட்டு வைப்பதா? அது செத்த பெட்டியின் மூடி, ஒரு இழையும் தூக்கவில்லை. உழைத்தது உள்ளே இருக்கிறது. மூடிக்கு வைத்துவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மூடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, தகரப் பெட்டிக்குப் பெரிதாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன். சாமந்தி ஒரு முழம் சுற்றினேன். கற்பூரம் காட்டும்போது புவனேஸ்வரி போனில் போட்டோ எடுத்தாள். வருஷா வருஷம் எடுப்பதுதான். எடுத்ததைத் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டாள், வருஷா வருஷம் போடுவது போல. அந்தக் குழுவில் டிசைன் அனுப்புவதற்கென்று தேவேந்திரனையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.

அவன் முதலில் கும்பிடு போடுகிற கைப்படம் ஒன்று அனுப்பினானாம். மறுநாள் காலையில் நேரில் வந்தான். என் மகனிடம் ஒன்றும் கோபப்படவில்லை. போட்டோவைக் காட்டி, இது எந்தப் பெட்டி ணா, பூவெல்லாம் போட்டு அழகா இருக்குதே என்று மட்டும் கேட்டான். சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுக்கும் தள்ளுபடி ரத்து என்று செய்தி வந்தது.

தேவேந்திரன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியதெல்லாம் எங்கள் தெருக்காரர்கள். என் மகனை வாசலில் நிற்க வைத்துக் கேட்டார்கள். அவன் தலை குனிந்து நின்றான். அவனைக் கேட்டு முடித்துவிட்டு நேராகப் பின் தெருவுக்குப் போனார்கள். நதியாவின் அறைக்கு முன்னால் நின்று வேலாயுதம் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"எங்கெங்கியோ வயலு வேல செஞ்சிக்கினு இருந்த கூட்டம். தறி வீட்டுக்குள்ள வுட்டது எங்க தப்பு. பெட்டிய எடுத்துக்கினு ஊரப் பாக்கப் போம்மா."

போன வருஷம் தீபாவளிக்கு அவர் வீட்டில் மூன்று தறியை இதே நதியாதான் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வைத்தாள்.  அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாளாம். அதையும் திமிர் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

பொட்டு வைத்த கை என் கை. நான் போய்ச் சொன்னேன், என்னால்தான்மா என்று. அவள் அடுப்பில் உலை வைத்திருந்தாள், திரும்பிப் பார்க்காமல், நீங்க பொட்டு வெச்சீங்க, அவ்ளோதானே ஆயா, அது ஒரு தப்பா என்றாள். தப்பு இல்லை என்றால் தெருவே ஏன் இவள் வாசலில் வந்து நின்றது என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அந்த மாசமே ரிச்சி தெருக் கடையில் சிப்பு இல்லை என்றார்கள். மூன்று தடவை போனாள். மூன்றாவது தடவை கடைக்காரருக்குப் பின்னால் அலமாரியில் அதே சிப்பு அட்டைப் பெட்டி பெட்டியாக இருப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டாளாம். அந்த மனிதர் எழுந்துவந்து, கதவுக்கு வெளியே நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாராம்: அது எல்லாம் சொல்லிவைத்த சரக்கு, அவர்கள் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் எடுக்கிறார்கள், உனக்கு நூறு கொடுத்தால் எனக்கு அவர்கள் ஆர்டர் போய்விடும், என் பேரை எங்கேயும் சொல்லிவிடாதே தங்கச்சி. அவளும் இன்றுவரை சொல்லவில்லை. எனக்கே கடைப் பேர் தெரியாது.

ஏனாத்தூரில் குடியிருக்கிற சுகாசினி என்கிற வக்கீலம்மாவிடம் போனாள். நானும் கூடப் போனேன், சத்யராஜ் ஆட்டோவில். வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இப்படிச் செய்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது, பெரியவன் தன் பலத்தை வைத்துச் சின்னவனைக் கடைக்குள்ளேயே வரவிடாமல் செய்வது குற்றம், உலகத்தில் பெரிய பெரிய சிப்புக் கம்பெனிகள் மேலேயே இந்த மாதிரி வழக்கு நடந்திருக்கிறது, டெல்லியில் அதற்கென்று ஒரு ஆணையம் இருக்கிறது என்றாள். நதியாவின் முகம் தெளிந்தது. ஆனால் வெறும் வாயால் சொன்னால் நிற்காது, வேற பெட்டி வைத்தால் தள்ளுபடி கிடையாது என்று சொல்லக் கேட்டவர்கள் நான்கைந்து பேராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள்.

நதியா பதினொரு வீடும் ஏறினாள். இரண்டு வீட்டில் உட்காரச் சொன்னார்கள். மற்ற இடத்தில் வாசலோடு சரி. எல்லோரும் ஒரே மாதிரி, எங்ககிட்ட யாரும் அப்படிச் சொல்லலியேம்மா என்றார்கள். என் மகனிடம் நான் கேட்டேன். அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, இப்பத்தான் கெஞ்சிக் கூத்தாடித் தள்ளுபடிய திரும்ப வாங்கப் போறோம், இந்த நேரத்துல கையெழுத்துன்னா தெருவே என்னைக் கொளுத்திடும்மா என்றான். அவன் சொன்னதும் பொய் இல்லை.

கடைசியில் வக்கீலம்மா மேசையில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது, அது என்னுடையது. தேவேந்திரன் கூடத்தில் பேசினதை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நடுவில் கொஞ்சம் அழகாக மாற்றி எழுதப் பார்த்தாள். நான் விடவில்லை, அவன் வாயில் வந்தது வந்தபடி எழுதும்மா என்றேன். படித்துக் காட்டினாள். பெருவிரலை மையில் அழுத்தி வைத்தேன். அவள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, இன்னும் மூன்று பேர் வரட்டும் பாட்டி என்றாள். மூன்று பேர் வரவில்லை. மூன்று மாசம் ஆயிற்று, ஒருவரும் வரவில்லை.

அம்சாவை நிறுத்திவிட்டாள். போன் ரிப்பேருக்கும் ஆள் குறைந்தது. இந்தத் தெருக்காரர்கள் உடைந்த போனைக்கூட எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிறாள். சத்யராஜ் ஒருவன் சம்பாத்தியம். அந்தச் சமயம் பார்த்து தேவேந்திரன் அவள் அறைக்குப் போய், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபி வாங்கிக் குடித்துவிட்டு, கம்பெனியில் உங்களைப் பற்றிப் பேசிக்கிறாங்க, உங்க கைக்கு இங்க யாரும் இணை இல்ல என்று சொன்னானாம். மாசச் சம்பளம், பி.எஃப்., மகளுக்கு மருத்துவக் காப்பீடு. அவள் வரைந்து வைத்திருக்கிற போர்டுப் படத்தையெல்லாம் கம்பெனியே ஒரு விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஐந்து வருஷம் அவள் சொந்தமாகப் போர்டு செய்யக் கூடாது, எரிந்த போர்டைப் பிரித்துச் சரிசெய்யவும் கூடாது.

அந்தப் படத்தை வைத்து அவர்கள் செய்வார்களா என்று நான் அவளைக் கேட்டேன். மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வரும் என்றால் ஊருக்கு நல்லதுதானே என்று ஒரு நப்பாசை.

"செய்ய மாட்டாங்க ஆயா. வேற எவனும் செய்யக் கூடாதுன்னுதான் வாங்கறாங்க. பீரோல வெச்சிப் பூட்டிடுவாங்க."

தெரிந்தே கையெழுத்துப் போட்டாள். போடாதே என்று நான் தடுக்கவில்லை. அவள் வீட்டு அரிசியை நானா வாங்கிக் கொடுக்கப் போகிறேன்?

தை மாசம் ஒரு காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை. கையில் ஒரு பட்டியல். தெருவில் மிச்சமிருக்கிற வேற்றுப் பெட்டி ஒன்றே ஒன்று, அது எங்கள் நான்காவது தறியில், நான் அதுவரை யாரையும் தொட விடாதது. அதைக் கழற்றி நீலப்பெட்டி மாட்டிவிட்டால் பதினொரு வீட்டுக்கும் தள்ளுபடி திரும்ப வரும். கழற்றுகிற வேலையை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். என் மகன், வாங்க மேடம் என்றான். அதுவரைக்கும் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாற்காலி எடுத்துப் போட்டான்.

நான் போய்த் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துகொண்டேன். முட்டி வலியில் நான் குழியில் இறங்கி ஆறு வருஷம் இருக்கும். உட்கார்ந்துவிட்டால் என்னைத் தூக்கினாலொழிய யாரும் மேலே ஏறி அந்தப் பெட்டியைத் தொட முடியாது. தறியில் பாதிப் புடவை இருந்தது, அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. என் மகன் கெஞ்சினான், பிறகு கத்தினான். புவனேஸ்வரி வந்து, அத்தே, வேணாம் அத்தே என்றாள். வாசலில் வேலாயுதம் வந்து நிற்கிறார். சங்கத்துப் புத்தகத்தில் இந்தத் தறிக்கு என் பேர் இருக்கிறது, என் தறியில் எது இருக்க வேண்டும் என்று நான்தான் சொல்வேன் என்றேன்.

நதியா எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். போனார்கள். குழி ஓரத்தில் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுந்திருங்க ஆயா."

"மாட்டேன். நீ செஞ்ச பெட்டி. உன் கையால கழட்டறத நான் பாக்கணுமா?"

"இத கழட்டலன்னா, நான்தான் உங்ககிட்ட சொல்லி வெச்சி நடத்தறேன்னு சொல்லுவாங்க. மொத மாசமே வேலை போயிடும். போர்டும் போச்சு, படமும் போச்சு. இன்னும் இன்னா இருக்குது என்கிட்ட?"

 வீம்பு என்றால் எனக்குப் பிறவிக்குணம். என் மாமியாரிடம் ஜெயித்தேன், சங்கத்துக்காரர்களிடம் ஜெயித்தேன், தேவேந்திரன் முன்னாலும் தலை குனியவில்லை. ஆனால் அன்றைக்கு நான் பிடிக்கிற பிடிவாதம் அவள் கழுத்தைத்தான் நெரிக்கும் என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு முடிச்சைப் போட்டுவைத்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் இழுத்தாலும் அவளுக்குத்தான் இறுகும்.

கை கொடு என்றேன். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். இந்தப் புடவை முடிகிறவரையாவது விடு என்று கேட்டேன், பாதியில் பெட்டி மாறினால் உருவம் இசையாதே. மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உத்தரவாம். எத்தனையாவது ஊடையில் நிற்கிறது என்று இழை இழையாக எண்ணி, நீலப்பெட்டியில் அதே இடத்தைத் தேடிப் பிடித்தாள். ஒரு மணி நேரம் பிடித்தது. அதற்கெல்லாம் கம்பெனி அவளுக்குக் காசு தராது. ஆனாலும் இரண்டு இழை தள்ளிப்போய் ஒரு அன்னத்தின் முதுகில் படி மாதிரி விழுந்துவிட்டது. தெரிந்தவர்கள் பார்த்தால் தெரியும். தகரப் பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என் மகனிடம் ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

மாசி கடைசியில் மறுபடி கரண்ட் ஏறியது. நான்காவது தறியில் நீலப்பெட்டி புகைந்து நின்றது. நதியாதான் வந்தாள். மூடியைத் திறந்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பார்த்த கணமே அவளுக்கு என்னவென்று தெரிந்துவிட்டது, அவள் முகத்தில் எனக்குத் தெரிந்தது. அதே எள்ளளவு சாமான். அரை மணி வேலை.

"கை வெச்சிப் பாரேன்மா, இங்க யாரு இருக்கறாங்க?"

"சீல் இருக்குது ஆயா. பிரிச்சா அங்க தெரிஞ்சிடும்."

மறுநாளே வேறு போர்டு வரும் என்று தேவேந்திரன் சொன்னதை அவளிடம் கேட்டேன். அது போட்டிக்கு ஆள் இருந்தபோது சொன்னது, இப்போது பதினெட்டு நாள் ஆகும் என்று சீட்டில் எழுதி, கிழித்து, என் மகன் இல்லாததால் என் கையில் கொடுத்தாள். தள்ளுபடியும் சித்திரையிலிருந்து ஐம்பதில்லை, பத்துதானாம். வெங்காயம் உரிக்க உட்காரவில்லை, இன்னும் மூன்று வீடு பாக்கி என்று போய்விட்டாள். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியாது. தறி பதினெட்டு நாள் நிற்கவில்லை, இருபத்திரண்டு நாள் நின்றது.